உரக்கடை மாடியில் மூளைப் பயிற்சி

திருச்சியில் ஏதோ கருத்தரங்காம். நம் பகுதியில் நியூரோஃபீட்பேக் பயிற்சி வளர்ந்த வரலாறு என்று ஓர் அமர்வு வைத்திருக்கிறார்களாம். முன்னோடி என்ற முறையில் நான் வந்து பதினைந்து நிமிடம் பேச வேண்டுமாம், பொன்னாடை உண்டாம். போனில் அழைத்தவர் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். நான்தான் வெடுக்கென்று வரமுடியாது என்று வைத்துவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார் என்று பிறகு தோன்றியது. திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஆனால் வர மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மேடையில் நின்று சொல்ல எனக்குத் தைரியம் வராத ஒன்று இருக்கிறது. அதை எழுதி வைக்கிறேன்.

முன்னோடியாவது மண்ணாங்கட்டியாவது. நான் ஒரு இ.இ.ஜி. டெக்னீஷியன். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில், வலிப்பு வந்தவர்களின் தலையில் ஒயர் ஒட்டி, மூளையின் அலைகளைக் காகிதத்தில் கோடுகளாக எடுத்துக் கொடுப்பது என் வேலை. பதினோரு வருடம் அதையே செய்தேன். என்ன நோய் என்று நான் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கோட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

அந்த மருத்துவமனைக்குத்தான் டாக்டரம்மா வந்து சேர்ந்தார். மருந்து எழுதும் டாக்டர் அல்ல. உளவியலில் பெரிய படிப்பு படித்துவிட்டு வெளிநாட்டில் சில வருடம் வேலை பார்த்தவர். கணவர் வீட்டு நிலம் கீழ்வேளூர் பக்கம் இருந்தது. மாமனார் படுத்த படுக்கையானதும் குடும்பத்தோடு திரும்பிவிட்டார்கள். வரும்போது டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கருவியைப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஒருநாள் என் அறைக்கு வந்து, "நீங்க ஒயர் ஒட்டுற அழக ரெண்டு நாளா பாத்துக்கிட்டே இருக்கேன். எங்கூட வந்துடுறீங்களா?" என்று கேட்டார். அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. போய்விட்டேன்.

கீழவாசல் பக்கம் ஓர் உரக்கடையின் மாடியில் இடம் கிடைத்தது. எனக்குத் தெரிந்தவரை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து அதுதான் முதல் அறை. யூரியா நெடி எந்நேரமும் அடிக்கும். கீழே தண்ணீர் மோட்டார் போட்டால் மேலே திரையில் கோடுகள் எல்லாம் நடுங்கும். நான் படியில் நின்று கத்துவேன், "மோட்டார நிறுத்துங்கண்ணே!" உரக்கடைக்காரர் அசரவே மாட்டார். "தண்ணி ஏறட்டும்மா. மூள எங்க ஓடிப்போவுது, அப்பறம் பாத்துக்கலாம்" என்பார். கடைசியில் காலை பத்து மணிக்குள் தொட்டியை நிரப்பிவிடுவது என்று ஒப்பந்தமானது.

பயிற்சி என்பது இவ்வளவுதான். தலையில் இரண்டு மூன்று இடத்தில் ஒயர் ஒட்டுவோம். அலைகள் கருவி வழியாக லேப்டாப்புக்குப் போகும். திரையில் ஒரு சின்னப் படகு இருக்கும். மூளை நிதானமான தாளத்துக்கு வந்தால் படகு நகரும், இல்லாவிட்டால் நின்றுவிடும். திரும்பத் திரும்பப் பார்த்து மூளை தானாகப் பழகிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. "கண்ணாடி இல்லாம பொட்டு வச்சா கோணப் போவுதுல்ல, கண்ணாடி பாத்தா கை தானா திருத்திக்குதுல்ல, அதுமாதிரிதான்" என்று வருகிறவர்களுக்கு விளக்குவேன். அப்படியும் ஊரில் எங்களுக்கு வந்த பெயர் 'கரண்டு வைக்கிற எடம்'. பேராவூரணியிலிருந்து தூக்கம் வராமல் வந்த தென்னந்தோப்புக்காரர் ஒருவர் ஒயரைப் பார்த்த மாத்திரத்தில் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி ஓடிவிட்டார். நாங்கள் கரண்டு கொடுக்கவில்லை, தலைக்குள் இருப்பதைப் பார்க்க மட்டும் செய்கிறோம் என்று சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டது.

டாக்டரம்மா ஒரு விஷயத்தில் மட்டும் படுகறார். வலிப்பு உள்ளவர்கள் யார் வந்தாலும், ஒவ்வொரு முறையும், கிளம்பும்போது நான் சொல்ல வேண்டும்: "இது பயிற்சிதான். டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்தவே கூடாது." பத்தாவது தடவையாக வருகிறவருக்கும் சொல்ல வேண்டும். எனக்கே சலிப்பாக இருக்கும். ஆனாலும் சொல்வேன்.

எங்கள் பெரிய எதிரி மோட்டார்கூட அல்ல, எண்ணெய். தலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒயர் தோலோடு சரியாக ஒட்டாது. கோடு இழுபடும், மிதக்கும். பார்க்கிறவருக்கு மூளையே மந்தமாக இருப்பதுபோலத் தெரியும். நம் ஊர் அம்மாக்களோ, டாக்டரிடம் கூட்டிப் போகிற அன்றுதான் பிள்ளைக்கு எண்ணெய் வழிய வழியத் தடவி, படிய வாரி, பின்னி அழைத்துவருவார்கள். பரட்டைத் தலையோடு கூட்டிப்போனால் வளர்க்கத் தெரியாதவள் என்று டாக்டர் நினைத்துவிடுவாரே, அந்தப் பயம். எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று சொன்னால் தலையாட்டுவார்கள். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூடவே வைத்து வருவார்கள்.

அவர்களில் ஒருத்திதான் நீடாமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவள். முப்பது வயதுகூட ஆகவில்லை. கணவர் துபாயில் டிரைவர். இவள் குத்தகை நிலத்தில் தனியாகச் சம்பா போட்டு, மாமியாரையும் பார்த்துக்கொண்டு, பத்து வயது மகளை வாரம் இரண்டு முறை, புதன்கிழமையும் திங்கட்கிழமையும், பஸ்ஸில் கூட்டிவருவாள். மகளுக்கு ஐந்து வயதிலிருந்து வலிப்பு. மாத்திரையில் பெரும்பாலும் அடங்கியிருந்தது. ஆனால் அந்த மாத்திரை போட்டால் பள்ளிக்கூடத்தில் தூங்கித் தூங்கி விழுந்தாள். எங்களைப் பற்றி யார் சொன்னார்களோ, வந்துவிட்டாள். முதல் நாளே என்னிடம் தனியாகச் சொன்னாள்: "வயசுக்கு வர்றதுக்குள்ள சரியாயிடணுங்கக்கா. அதுக்கப்பறம் தெரிஞ்சா ஊருல என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா?"

அந்தக் குழந்தை வாயாடி. ஒயர் ஒட்டும் நேரத்தில் பதினாறாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். "நீங்க சொல்லுங்க பாப்போம்" என்று என்னையே மடக்குவாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல், அடர்த்தி என்றால் அப்படி ஓர் அடர்த்தி. அதில் எண்ணெய் வேறு. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்துத் துடைத்து என் விரல் நுனி எல்லாம் வெளுத்துப்போகும். "ஏம்மா, எத்தன தடவ சொல்றது ஒனக்கு? தலையா இது, செக்கா?" என்று அம்மாவை வைவேன். அவள் சிரித்துக்கொண்டே நிற்பாள். கோடு ஒருநாளும் உருப்படியாக வராது. படகு இரண்டு அடி போகும், நிற்கும். மூன்று மாதம் இப்படியே போனது.

தை பிறந்து ஒரு புதன்கிழமை, மகளோடு அவள் உள்ளே வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. குழந்தை மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, வெட்கத்தில் துண்டால் முக்காடு போட்டிருந்தாள். குலதெய்வத்துக்கு வேண்டுதலாம். ஞாயிற்றுக்கிழமை முடியிறக்கினார்களாம். நான் சந்தனத்தைத் துடைத்துவிட்டு ஒயரை ஒட்டினேன். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. திரையைப் போட்டால், அடேயப்பா! படகு கிளம்பியது, நிற்கவே இல்லை. கரைக்குப் போய், அடுத்த ஆட்டத்திலும் கரைக்குப் போய், குழந்தை கைகொட்டிச் சிரிக்கிறாள். கோடு அவ்வளவு சுத்தமாக, ஓடும் தையல் போல ஒரே சீராக வருகிறது. அந்த மந்தமான அலை எங்கே போனது என்றே தெரியவில்லை.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். இத்தனை மாதம் ஊரே சிரித்ததற்கு ஒரு பதில் கிடைத்துவிட்டதே! எனக்கும் உடம்பெல்லாம் புல்லரித்தது. வெளியே காத்திருந்த அம்மாவைக் கூப்பிட்டு, "பாரும்மா, மூள நல்லா அடங்கிருச்சு. இதவிட என்ன வேணும்?" என்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்க சாமி கைவிடலக்கா" என்றாள். அன்றைக்கு, அந்தச் சந்தோஷத்தில், மாத்திரை பற்றிய அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லவில்லை.

கும்பகோணத்தில் அந்த ஞாயிறு ஒரு டாக்டர்கள் கூட்டம். அதில் பேச டாக்டரம்மாவுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். காட்டுவதற்கு ஒன்றும் இல்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தவர், அந்தக் குழந்தையின் பழைய கோட்டையும் புதிய கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்செடுத்துக்கொண்டார். சனிக்கிழமை மதியமே கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகு ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் வந்தார். தூக்கமின்மை. முதல் தடவையாக வருகிறார். உச்சியில் ஒரு முடி கிடையாது, வழுக்கை பளபளக்கிறது. "எனக்கு ஒட்டுறது உங்களுக்குச் சுலபம்ல?" என்று அவரே கிண்டலடித்தார். ஒட்டினேன். திரையைப் போட்டேன். கோடு ஓடும் தையல் போல ஒரே சீராக வந்தது. படகு நிற்காமல் கரைக்குப் போனது. பயிற்சி என்றால் என்னவென்றே தெரியாத மனிதருக்கு.

வாத்தியாரை அனுப்பிவிட்டு, அந்தக் குழந்தையின் பதிவுகளை எடுத்தேன். ஒயர் தோலோடு எவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறது என்பதற்கு ஓர் எண் ஒவ்வொரு பதிவிலும் ஓரத்தில் இருக்கும். மூன்று மாதமும் அது மோசம். மொட்டை போட்ட அன்று மட்டும் அருமை. குழந்தையின் மூளை மாறவில்லை. முடி போனது, எண்ணெய் போனது, ஒயர் முதல் தடவையாக ஒழுங்காக ஒட்டியது, அவ்வளவுதான். மந்தமான அலை என்று நாங்கள் நினைத்ததில் பாதி எண்ணெய்ப் பிசுக்கு. பதினோரு வருடம் இதே வேலை பார்த்தவள் நான். முதலில் பார்க்க வேண்டிய எண் அது. புதன்கிழமை அதை நான் பார்க்கவே இல்லை. பார்க்கப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

நோட்டைத் திறந்து அவள் நம்பரை எடுத்தேன். போனையும் கையில் எடுத்தேன். என்ன சொல்வது? எல்லாம் நல்லாயிருச்சுன்னு சொன்னேனே, அது இல்லை என்றா? அந்த அழுகையும், என் கையைப் பிடித்த பிடியும் கண்முன்னால் வந்தன. டாக்டரம்மாவைக் கூப்பிட்டால் நாளைக்கு மேடையில் அவர் என்ன செய்வார்? திங்கட்கிழமை இருவருமே வருவார்கள், நேரில் சொல்லிக்கொள்ளலாம், இரண்டு நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று போனைப் பைக்குள் போட்டேன். அறையைப் பூட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியில் காய்கறி வாங்கினேன். அன்று சாயங்காலம் என்னென்ன வாங்கினேன் என்பதுகூட நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அமோகம். டாக்டரம்மா திங்கட்கிழமை மலர்ந்த முகத்தோடு வந்தார். இரண்டு டாக்டர்கள் நோயாளிகளை அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்களாம், அந்தக் கோட்டின் நகலைப் பலபேர் கேட்டு வாங்கிப்போனார்களாம். முதலில் அந்தக் குழந்தை வரட்டும், அம்மாவிடம் சொல்லிவிட்டு இவரிடம் சொல்வோம் என்று எனக்கு நானே ஒரு வரிசை போட்டுக்கொண்டேன். அன்று அவர்கள் வரவில்லை. அறுவடை மெஷின் முறை வந்துவிட்டது, இந்த வாரம் முடியாது என்று அவளிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. சரி, அடுத்த வாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை அவள் கொழுந்தனார் போன் செய்தார். முந்தின நாள், வயலில் மெஷின் இறங்கியிருந்த நேரத்தில், குழந்தைக்கு வலிப்பு வந்திருக்கிறது. நிற்கவில்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. நெல் ஏற்ற வந்திருந்த லோடு வண்டியிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ரோடெல்லாம் நெல்லைக் காயப்போட்டிருந்ததால் வண்டி ஒரு பக்கமாகவே ஊர்ந்து போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் நிறுத்தினார்களாம். "மாத்திரைய நிறுத்திப்புட்டாங்களாம்மா. நல்லாயிருச்சுன்னு நீங்க சொன்னீங்களாமே?" என்றார். குற்றம் சொல்லும் குரல்கூட இல்லை, விசாரிக்கிறார்.

அன்றுதான் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மொட்டை, வழுக்கை வாத்தியார், ஓரத்தில் இருந்த எண், சனிக்கிழமை, எல்லாம். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த இரண்டு கோட்டையும் எடுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கும் கண்ணு இருந்துச்சே. நானுந்தானே பாக்கல" என்றார். பிறகு நகல் வாங்கிப்போன ஒவ்வொருவருக்கும், அந்தப் படம் தவறு, இன்ன காரணம் என்று கடிதம் எழுதினார். இரண்டு பேர் பதில் போட்டார்கள். மற்றவர்கள் படத்தை வைத்துக்கொண்டார்கள். அடுத்த சில வருடங்களில் கும்பகோணத்தில் ஒன்று, திருவாரூரில் ஒன்று, நீட் கோச்சிங் சென்டரோடு சேர்த்து ஒன்று என்று மூளைப் பயிற்சி அறைகள் வரிசையாக முளைத்தன. அதில் ஒன்றின் நோட்டீஸில் அந்த இரண்டு கோடுகளையும் என் கண்ணால் பார்த்தேன். பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின் என்று போட்டிருந்தது. கிழித்துப்போட்டேன், வேறென்ன செய்ய? இந்தப் பயிற்சியே பொய் என்று நான் சொல்லவில்லை. பலன் கண்டவர்களையும் பார்த்திருக்கிறேன், காணாதவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் பகுதியில் இதைப் பலபேர் நம்ப ஆரம்பித்தது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான்.

ஆஸ்பத்திரிக்கு நான் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் குழந்தை தூக்கத்தில் இருந்தாள், அம்மா டாக்டர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். ஆரஞ்சுப் பழங்களை மாமியார் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பேச முடியாமல் போனதே என்று வருத்தப்படுவதுபோல எனக்கு நானே காட்டிக்கொண்டேன். உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது.

சித்திரையில் ஒருநாள் அவர்களே படியேறி வந்தார்கள். அம்மா இளைத்துக் கறுத்திருந்தாள். குழந்தைக்கு விரலளவு முடி வளர்ந்திருந்தது, எண்ணெய் இல்லை. "இன்னிக்கு எண்ண வைக்கலக்கா" என்றாள் அம்மா, அதை நான் பாராட்ட வேண்டும் என்பதுபோல. குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். பெயர் சொல்லு என்றால் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். வலது கை சரியாகப் பிடிக்கவில்லை. போகப்போகச் சரியாகலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்களாம். வாய்ப்பாட்டை நான் கேட்கவில்லை.

"நான் பேசறேன்" என்று டாக்டரம்மா எழுந்தார். வேண்டாம் மேடம், இது என்னுடையது என்று சொல்லி அவரை உட்கார வைத்தேன்.

அதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள். "உங்க மெஷின் சரியாத்தாங்கக்கா காட்டுச்சு. நாந்தான் புத்திகெட்டுப்போயி மாத்திரைய நிறுத்திட்டேன். அதனாலதான் திரும்பக் கெட்டுப்போச்சு. அவங்கப்பா போனுல ஒரு நா விடாம திட்றாரு. என் மாமியா எங்கிட்ட பேசறதே இல்ல. பரவால்ல, எம்மேலதான் தப்பு. மறுபடி மொதலேர்ந்து ஆரம்பிச்சுக் குடுங்கக்கா. அன்னிக்கு மாதிரி ஒரு தடவ வந்துட்டாப் போதும்."

நான் அவளை உட்காரச் சொன்னேன். அந்தப் பதிவுகளை எடுத்து முன்னால் வைத்து, அந்த எண் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினேன். ஒயர் ஒட்டாததையும், எண்ணெயையும், மொட்டை போட்டதும் கோடு ஏன் சுத்தமாக வந்தது என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன். "அன்னிக்கு ஒண்ணுமே சரியாகல தாயி. நான் தப்பாப் பாத்துட்டுத் தப்பாச் சொல்லிட்டேன். மாத்திரையப் பத்திச் சொல்ல வேண்டியதையும் சொல்லல. உம்மேல ஒரு தப்பும் இல்ல. உன் வீட்டுக்காரர்கிட்டயும் மாமியார்கிட்டயும் நானே வந்து சொல்றேன்" என்றேன். அழக் கூடாது, அழுதால் அவள் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தை அவள் மடியில் சாய்ந்து இடது கையால் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இது தப்புன்னு உங்களுக்கு எப்பக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வலிப்பு வந்த பிறகுதான் தெரிந்தது என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், டாக்டரம்மாவும் வாய் திறந்திருக்க மாட்டார். ஒரு கணம் அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"சனிக்கிழமை மத்தியானம்" என்றேன்.

அவள் விரல் விட்டு எண்ணவில்லை, யோசிக்கவும் இல்லை. அந்த நாட்களை அவள் எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாளோ.

"சனிக்கிழமை அட்டையில ஒண்ணு மிச்சம் இருந்துச்சுங்கக்கா. அதக் குடுத்துத்தான் தூங்க வச்சேன்" என்றாள். "ஞாயித்துக்கெழமையிலேர்ந்துதான் நிறுத்துனேன்."